கயிற்றின் மறுமுனை

கடலைப் பற்றிப் பேசப் புகும் நம்மவர் பெரும்பாலும் அதன் மேற்பரப்பைப் பற்றியே பேசுகின்றனர். அலை, கப்பல், தோணி, கரையில் நின்று காணும் கதிரவன் மறைவு ஆகிய இவற்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிற் பிறந்தும், அக்கடலின் உள்ளே ஒரு பாக ஆழத்துக்கேனும் சென்று கண்ணைத் திறந்து பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? நீச்சல் அறியாமலே உயர்தர வகுப்பை முடித்துச் செல்லும் பிள்ளைகளை ஆண்டுதோறும் காண்கிறேன். அவர்களுள் கடலோரக் கிராமத்துப் பிள்ளைகளும் உளர் என்பதுதான் வியப்பு.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், மூச்சை அடக்கிச் சுழியோடுதல். அதனைத் தனியொருவனாக அன்றிக் குடும்பத்தோடு செய்வதைப் பற்றியும், அதற்காக நாங்கள் பருவந்தோறும் சென்றுவரும் கற்பிட்டிக் கடற் சரணாலயத்தைப் பற்றியும் சில சொல்ல விரும்புகிறேன்.

முதுகிலே காற்றுக்கலத்தைச் சுமந்து, குழாய்வழி மூச்சு வாங்கிக்கொண்டு, நெடுநேரம் நீரடியில் உலாவிவருவது வேறு கலை. நான் சொல்வது அதுவன்று. நீரின் மேற்பரப்பிலே இழுத்த ஒரே மூச்சோடு கீழே இறங்கி, அந்த மூச்சு தீருமுன் மேலே வருவதே இது. கண்ணுக்கு ஒரு கண்ணாடி, வாய்க்கு ஒரு மூச்சுக்குழாய், காலுக்கு இறப்பராலான செட்டைகள்: கருவி இவ்வளவே. மேனாடுகளிலே இது இன்று பெரும் போட்டியாக வளர்ந்துள்ளது. 1976ஆம் ஆண்டு யாக் மயோல் என்னும் பிரெஞ்சுக்காரர் எல்பாத் தீவருகே ஒரே மூச்சில் 100 மீற்றர் ஆழம் சென்று மீண்டபோது உலகம் வியந்தது. அத்தகைய சாதனைகளோடு நமக்கு இங்கே தொடர்பில்லை.

ஆனால் இக்கலை மேனாட்டார் நமக்குத் தந்ததன்று. முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் தொடர்களைக் கேளுங்கள். குளித்தல் என்பதற்கு இன்று நாம் கிணற்றடியில் உடல் கழுவுவதையே பொருளாகக் கொள்கிறோம். மூழ்குதல், உட்புகுதல் என்பதே அச்சொல்லின் பழைய பொருள். சிலாபம் என்று நாம் ஓர் ஊருக்கு வழங்கும் பெயரும் முத்துக்குளிப்பைக் குறிக்கும் சொல்லே. 1344ஆம் ஆண்டு இத்தீவுக்கு வந்த இபின் பதூதா, புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது, அம்மன்னன் முன்னிலையில் முத்துகள் கொணர்ந்து வைக்கப்பட்டிருந்ததைக் கண்டு எழுதியிருக்கிறார். அம்முத்துகள் ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கியே எடுத்திருக்க வேண்டும் அல்லவா?

இனி இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். புத்தளக் களப்புக்கும் மன்னார்க் குடாவுக்கும் இடையே வடக்கு நோக்கி நாக்குப்போல நீண்டு கிடக்கும் நிலமே கற்பிட்டி. ஒல்லாந்தர் 17ஆம் நூற்றாண்டிற் கட்டிய கோட்டை இன்றும் அங்கே உண்டு. அந்நிலத்தின் வடமுனையை அடுத்த கடலிலே கரைக்கு இணையாக முருகைக்கற்பாறைகளின் தொடர் ஒன்று கிடக்கிறது. 1992ஆம் ஆண்டு அரசாங்கம் அதனைச் சரணாலயமாக அறிவித்தது. அதன் பரப்பு 306 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேல். நம் நாட்டுக் கடற் சரணாலயங்களுள் இதுவே பெரியது. 156 வகை முருகைகளும் 283 வகை மீன்களும் இங்கே உள்ளனவாக ஆய்வாளர் பதிந்துள்ளனர். ஆங்கிலத்திலே இதனைப் பார் றீவ் என்பர். பெயர் ஒற்றுமை எவ்வாறாயினும், கடலடிக் கற்றிட்டைப் பார் என்று சொல்வது நம் மீனவர் வழக்கு. மன்னார்க் குடாவின் முத்துச்சிப்பித் திட்டுகளுக்குப் பெரிய பார் முதலாகப் பெயர்கள் வழங்கியதும் அவ்வழக்கினாலேயே.

இவ்வளவு இருந்தும் இது பேர் பெறாத இடமாகவே இருந்துவருகிறது. இக்கடுவைக் கடலடியைப் பற்றி, 1979ஆம் ஆண்டு சரணாலயமாகி 2002ஆம் ஆண்டு தேசியப் பூங்காவானது என்று பாடசாலைப் பிள்ளைகளும் சொல்வார்கள். திருகோணமலைப் புறாத்தீவுக்குச் செல்வோர் தொகையோ சொல்லி முடியாது. கற்பிட்டிக்கு வருவோர் ஓங்கில் கூட்டங்களைக் காண வருகின்றனர். அல்லது பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையிலே நீர்மேற் சறுக்க வருகின்றனர். கீழே கிடக்கும் அந்தப் பெரும் பாரின் மேலாகவே அவர்களுட் பலர் கடந்துபோகின்றனர்.

நாங்கள் நால்வர்: நான், கணித ஆசிரியையாகிய என் மனைவி, பல்கலைக்கழகத்தில் உயிரியல் பயிலும் மகள், பத்தாந் தரத்திற் படிக்கும் மகன். மகளே முதலில் முறையாகப் பயின்று வந்து எங்களுக்குக் கற்பித்தாள். கண்டக்குழியிலிருந்து எங்களை வள்ளத்தில் ஏற்றிச் செல்பவர் எழுபதைத் தாண்டிய முதியவர். இளமையிலே மன்னார்க் கடலிற் சங்கு குளித்தவர். ஊரார் போலவே நாங்களும் அவரை நானா என்றே அழைப்போம். அவர் என்னை ஐயா என்பார். என் மனைவியைத் தங்கச்சி என்பார்.

காலைப் பொழுதிலே காற்று எழுமுன் பாருக்குச் சென்று சேர்ந்தால், நீர் கண்ணாடி போலிருக்கும். ஓரிரு பாக ஆழத்திலேயே மேசை முருகைகள் தோன்றத் தொடங்கும். ஒற்றைக் காலில் நின்று குடை விரித்தாற்போல, ஒன்றன் மேலொன்றாகத் தட்டையாகப் படர்ந்திருப்பவை அவை. அவற்றின் நிழலிலே கலவாய் ஒதுங்கி நிற்கும். கிளிமீன்கள் கல்லைக் கொறிக்கும் ஓசை தெளிவாகக் காதில் விழும். வறுத்த கடலையை யாரோ பக்கத்திலிருந்து கடிப்பதுபோல் இருக்கும் அது. அவை கொறித்த கல் அவற்றின் வயிற்றினூடாக மணலாக வெளிவருகிறது என்றும், நாம் கால் புதைய நடக்கும் வெண்மணலில் ஒரு பங்கு அவ்வாறு வந்ததென்றும் மகள் சொன்ன நாளிலிருந்து, கடற்கரையில் நடக்கும்போது எனக்கு அந்த மீன்களின் நினைவே வருகிறது.

கீழே இறங்குவது எவ்வாறு? நீர்மேற் குப்புறக் கிடந்து, உடலைத் தளரவிட்டு, அமைதியாகச் சில முறை மூச்சு வாங்கி, கடைசி மூச்சை நிறைய இழுத்து, இடுப்பை மடித்துத் தலைகீழாகக் கவிழ வேண்டும். கால்கள் நீருக்கு மேலே எழும். அவற்றின் பாரமே நம்மைக் கீழே தள்ளும். ஒரு பாகம் போவதற்குள் காதிலே இறுக்கம் தோன்றும். மூக்கைப் பிடித்து மெல்லக் காற்றை உந்தினால் நடுச்செவிக்குள் காற்றுப் புகுந்து, செவிப்பறையின் இருபுறமும் அமுக்கம் சமமாகும். வலி தோன்றிய பின்பு செய்வதன்று இது. தோன்றுமுன்னரே மீண்டும் மீண்டும் செய்துகொண்டு போக வேண்டும். சளி பிடித்தவர் அன்று வள்ளத்திலேயே இருந்துவிடுதல் நலம். பத்து மீற்றர் ஆழத்தில் நீரின் அமுக்கம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இருமடங்கு. ஆகவே மார்பில் உள்ள காற்று பாதியளவாகச் சுருங்கிவிடுகிறது. மேலே மிதப்பதற்கு முயன்ற உடல், அந்த ஆழத்தை அண்டியதும் மிதப்பதை மறந்து தானாகவே அமிழத் தொடங்கும். அந்த அமைதியை என்னால் விளக்க இயலாது. தன் நெஞ்சின் துடிப்பு ஒன்றைத் தவிர வேறெதுவும் ஒருவனுக்குக் கேட்பதில்லை. அத்துடிப்பும் மெதுவாகிக்கொண்டே போகிறது.

துடிப்பு மெதுவாவது கற்பனையன்று. முகத்தில் நீர்பட்டு மூச்சும் நின்றவுடன் இதயம் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. கைகால்களுக்குச் செல்லும் குருதி குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் உரிய பங்கு காக்கப்படுகிறது. மண்ணீரல் சுருங்கி, தன்னிடம் சேர்த்து வைத்திருந்த செங்குருதிக் கலங்களைக் குருதியோட்டத்திலே விடுகிறது. சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் உள்ள இவ்வியல்பு, அளவிற் குறைந்து, நம் உடலிலும் இருக்கிறது. இந்தோனீசியாவிலே தலைமுறை தலைமுறையாகக் கடலிற் சுழியோடி வாழும் பஜாவு மக்களின் மண்ணீரல், அயலிலே உழவு செய்து வாழும் மக்களுடையதைவிட ஏறத்தாழ அரைமடங்கு பெரிது என்று 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வளவும் கேட்பதற்கு இனிமையானவை. இனிச் சொல்லப்போவதை நேயர்கள், சிறப்பாக இளைஞரைப் பெற்றோர், சற்று உன்னிப்பாகக் கேட்க வேண்டுகிறேன்.

மூச்சை அடக்கியிருக்கும்போது ‘இனிமேல் முடியாது, காற்று வேண்டும்’ என்று நம்மை உந்துவது எது? ஒட்சிசன் குறைவதுதான் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று, குருதியிலே காபனீரொட்சைட்டு மிகுவதே அவ்வுந்துதலுக்குத் தலையாய காரணம். அதுதான் உடலின் காவற்காரன். இறங்குமுன் ஒருவன் வேகவேகமாகப் பலமுறை மூச்சை இழுத்து விடுவானாயின், காபனீரொட்சைட்டு வெளியேறிவிடுகிறது. ஒட்சிசனின் இருப்போ அதனாற் பெரிதாக உயர்வதில்லை. காவற்காரனை உறங்கச் செய்துவிட்டு அவன் கடலுக்குள் இறங்குகிறான். நீரடியிலே அவனுக்கு மூச்சு முட்டுவதில்லை. தனக்கு வல்லமை வந்துவிட்டதென்று மகிழ்கிறான். ஆழத்தின் அமுக்கத்தினால் மார்பில் எஞ்சியுள்ள சிறிதளவு ஒட்சிசனும் குருதியினுள் நன்றாகவே செல்கிறது. ஆழம் கொடுக்கும் கடன் அது. மேலே வர வர அமுக்கம் குறைகிறது. கொடுத்த கடனைக் கடல் திரும்பக் கேட்கிறது. மேற்பரப்புக்கு ஒருசில மீற்றர் இருக்கும்போதோ, தலை நீருக்கு மேலே வந்து மூச்சு வாங்கிய பின்போ, எவ்வித முன்னறிவிப்புமின்றி நினைவு தப்பிவிடுகிறது. வலியில்லை, போராட்டமில்லை, கூச்சலில்லை. பார்ப்பவர் இல்லாவிடின் அது மரணம். நீந்தத் தெரியாதவனைவிட நன்றாக நீந்தத் தெரிந்தவனே இவ்வாறு இறக்கிறான் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மாசி மாதத்திலே, என் தமக்கையின் மகன் கொழும்பிலிருந்து வந்து எங்களோடு கடலுக்குச் சேர்ந்துகொண்டான். இருபது வயது, பாடசாலை நீச்சற் குழுவில் இருந்தவன், குளத்தின் நீளம் முழுவதையும் நீரடியிலேயே கடக்கக் கூடியவன். வள்ளத்தின் மறுபுறத்தே நின்றுகொண்டு, நாங்கள் காணாதவாறு, வேகவேகமாக மூச்சை வாங்கி விட்டிருக்கிறான். ஆறு பாகம் இருக்கும் ஓரிடத்தில் இறங்கினான். அன்று அவனைப் பார்த்துக்கொள்ளும் முறை என் மகளுடையது. என் மனைவி மிதவையைப் பிடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். எண்பத்து நான்கிலே அவன் தலை மேலே தெரிந்தது. கையை உயர்த்தி, நலமென்று காட்டி, சிரிக்கவும் செய்தான். எண்ணுவதை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தலை மேலே வந்த பின்னும் முப்பது வரை எண்ண வேண்டும் என்பது அவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு. எட்டோ ஒன்பதோ எண்ணும்போது அவன் கண்கள் எதையும் பாராமல் நின்றன. நாடி நீரிலே சரிந்தது. ஒரு கை தொலைவில் இருந்த மகள் அவன் நாடியைத் தாங்கிப் பிடித்து, கண்ணாடியைக் கழற்றி, கன்னத்திலே தட்டி, முகத்தில் ஊதி, ‘அண்ணா, மூச்சு விடு! மூச்சு விடு!’ என்று உரக்கக் கூவினாள். நானா வள்ளத்திலிருந்து குதித்து மறுபுறம் தாங்கிக்கொண்டார். சில விநாடிகள்தாம். பெருமூச்சு ஒன்று எழுந்தது. கண் விழித்தவன் என்னைப் பார்த்து, ‘மாமா, நான் இன்னும் இறங்கவில்லையா?’ என்று கேட்டான். இறங்கியது, ஏறியது, சிரித்தது எதுவும் அவன் நினைவில் இல்லை.

வள்ளத்தில் ஏற்றிய பின் நானா அவனைக் கடிந்துகொள்ளவில்லை. தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் பக்கம் திரும்பி, ‘நாங்கள் கயிற்றோடு இறங்கினோம் ஐயா. நீங்கள் கயிறில்லாமல் இறங்குகிறீர்கள். அப்படியானால் மேலே நிற்பவர் கண்தான் கயிறு’ என்றார்.

அவர் சொன்ன கயிற்றைப் பற்றி அதன்பின் நான் நிறையப் படித்தேன். மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், ஒரு தோணியில் வழக்கமாகப் பத்துச் சுழியோடிகள் இருப்பர். அவர்களுக்குக் கயிறு பிடிப்போரும், தோணித் தலைவனாகிய தண்டையலும் உடனிருப்பர். பாரமான கற்களோ ஐந்துதாம். ஐவர் இறங்கும்போது ஐவர் மேலே இளைப்பாறுவர். பின் முறை மாறும். சுழியோடி கல்லின் கயிற்றிலே காலைக் கொடுத்து, மூக்கை விரலாற் பிடித்து, கல்லின் பாரத்தோடு விரைந்து அடியைச் சேர்வான். சேர்ந்ததும் கல் மேலே இழுக்கப்படும். வலைக்கூடையிலே சிப்பிகளை அள்ளிக்கொண்டு, மற்றொரு கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுத்தெடுப்பான். நீரடியில் அவன் இருக்கும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்தை ஒட்டியதே. ஐந்து நிமிடம், ஆறு நிமிடம் என்று எழுதியவர்கள் கரையிலிருந்து கேட்டு எழுதியவர்கள் என்பது என் துணிபு.

அக்காலத்தில் சுறாவின் வாயைக் கட்டுவதற்கென்று மந்திரம் ஓதுவோரும் இருந்தனர். கடல்கட்டி என்று அவர்களுக்குப் பெயர். அவர்கள் இன்றிச் சுழியோடிகள் இறங்க மாட்டார்கள் என்பதனால் பிரித்தானிய அரசாங்கமும் அவர்களை ஏற்றுக்கொண்டிருந்தது. அம்மந்திரத்தை நாம் நகைக்கலாம். ஆனால் ஒருவன் இறங்க ஒருவன் மேலே நிற்க வேண்டும் என்ற அந்தத் தோணியின் ஒழுங்கை நகைப்பதற்கில்லை. இன்று உலகெங்கும் மூச்சடக்கிச் சுழியோடக் கற்பிப்போர் முதற்பாடமாகச் சொல்வதும் அதுவே: ஒருவர் கீழே, ஒருவர் மேலே, தனியே ஒருபோதும் இறங்கலாகாது. கடலோர ஊர்களிலே, முத்துக்குளிப்பவனுக்குக் கயிறு பிடிப்பவன் அவன் மனைவியின் உடன்பிறந்தானாகவே இருப்பான் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். தன் தங்கையின் தாலியைத் தன் கையிலே பிடித்திருப்பவன் அயர மாட்டான் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயம். யப்பானிலே அமா என்னும் பெண்கள் சுழியோடுவர்; அவர்களுட் பலருக்கு வள்ளத்திலிருந்து கயிறு பிடித்தவர் கணவர். கொரியாவின் சேசுத் தீவுப் பெண்கள் கூட்டமாகவே கடலுக்குச் செல்வர். மேலே வந்ததும் சீழ்க்கைபோல் ஒலியெழ மூச்சு விடுவர். யுனெஸ்கோ 2016ஆம் ஆண்டு அவர்களுடைய மரபை மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. ஆக, இத்தொழிலைக் கண்ட இடமெல்லாம் மக்கள் அதனை உறவோடும் கூட்டத்தோடும் பிணைத்தே வைத்திருக்கின்றனர்.

தனியே இறங்குவதின் விலையைக் கலையில் தேர்ந்தவர்களும் கொடுத்திருக்கின்றனர். உருசிய நாட்டு நத்தாலியா மொல்சானொவா என்னும் அம்மையார் 2013ஆம் ஆண்டு அசையாதிருந்து 9 நிமிடம் 2 விநாடி மூச்சடக்கிச் சாதனை படைத்தவர். 2015ஆம் ஆண்டு ஆகத்து மாதம் ஸ்பானியத் தீவொன்றின் அருகே, தமக்கு மிகச் சாதாரணமான ஓர் ஆழத்துக்கு இறங்கியவர் திரும்பி வரவேயில்லை.

குடும்பத்தோடு செல்வது என்று நான் சொன்னது இதனாலேதான். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவது என்றால் நம்மவர் பெரும்பாலும் சாப்பாட்டுப் பொதியையும் பாயையும் கொண்டு போவதைக் கருதுவர். எங்கள் வீட்டிலே அது ஒரு பணிப் பகிர்வாகிவிட்டது. மகள் எட்டுப் பாகம் வரை இறங்குவாள். மகன் நான்கோடு நிறுத்த வேண்டும் என்பது தாயின் கட்டளை. நான் ஐந்து பாகத்தைத் தாண்டியதில்லை. தாண்டும் எண்ணமும் இல்லை. என் மனைவி இறங்குவதே இல்லை. செம்மஞ்சள் மிதவையைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி அணிந்த முகத்தை நீருள் வைத்தபடி, எண்ணிக்கொண்டிருப்பாள். இறங்கியிருந்த நேரத்தைப்போல் இருமடங்கு நேரமாவது மேலே இளைப்பாறிய பின்னரே அடுத்த முறை. அந்தக் கணக்கு முழுவதும் அவளுடையது. அறுநூறு பிள்ளைகளுக்கு மணியடித்து உத்தரவிடும் அதிபர், அங்கே அவளுடைய ஊதுகுழலுக்குக் கட்டுப்பட்டவர். அவள் ‘இன்றைக்குப் போதும்’ என்றால் மறுபேச்சு இல்லை.

இதில் நான் எதிர்பாராத ஒன்றும் நிகழ்ந்தது. வீட்டிலே என் மகன் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தமக்கை கூப்பிட்டாலும் மூன்றாம் முறையே நிமிர்வான். கடலிலே அவள் இறங்கும்போது, அவள் தலை மறைந்த கணத்திலிருந்து மீண்டு வந்து முப்பது எண்ணும் வரை, அவளையன்றி வேறெதையும் அவன் பார்ப்பதற்கில்லை. ஆமை போகலாம், திருக்கை போகலாம், அவன் திரும்ப மாட்டான். ஒரே வீட்டில் வாழ்வோர் ஒருவரையொருவர் ஒரு முழு நிமிடம் இவ்வாறு பார்த்துக்கொண்டிருப்பது, சிந்தித்துப் பார்த்தால், எத்துணை அரிது! அவர்களுக்கிடையே பேச்சும் சண்டையும் முன்போலவே இருக்கின்றன. ஆயினும் கடலுக்குச் செல்லும் நாட்களிலே முதலில் வள்ளத்தில் ஏறி அவளுடைய செட்டைகளைச் சரிபார்ப்பவன் அவனே.

பாரைப் பார்த்துக்கொள்வார் யார் என்ற கேள்வியும் இங்கே எழாமற் போகாது. 1998ஆம் ஆண்டு எல் நினோ என்னும் நிகழ்வினால் இந்து சமுத்திர நீர் வாரக்கணக்கிலே அளவுக்கு மீறி வெப்பமுற்றது. முருகையின் உடலினுள் வாழ்ந்து அதற்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசிகள் வெளியேறிவிட, முருகைகள் வெளிறின. கற்பிட்டிப் பாரின் ஆழம் குறைந்த பகுதிகளிலே உயிருள்ள முருகை ஏறத்தாழ முற்றாக அழிந்தது. ‘சுண்ணாம்பு அடித்த சுவர்போல் இருந்தது, அதன்பின் பாசி படர்ந்து கறுத்தது, மீன் போய்விட்டது’ என்று நானா சொல்வார். பின்னர், யாரும் நட்டு வளர்க்காமலே, மேசை முருகைகள் மீண்டும் தலையெடுத்தன. சில ஆண்டுகளிலே பாரின் பல பகுதிகளை அவை மூடின. 2016ஆம் ஆண்டு மீண்டும் வெப்பம், மீண்டும் பேரழிவு. 2024ஆம் ஆண்டிலும் உலகளாவிய வெளிறல் ஒன்று அறிவிக்கப்பட்டது. இப்போது நாங்கள் காணும் பார், சில இடங்களிலே குடை விரித்த தோட்டமாகவும், சில இடங்களிலே இடிந்த வீட்டின் கற்குவியலாகவும் இருக்கிறது. இரண்டையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

கடல் வெப்பமுறுவதை ஒரு குடும்பம் தடுத்துவிட முடியாது. ஆனால் நங்கூரத்தை முருகையின் மேல் எறியாது மணலிலே இறக்கலாம். களைத்தபோது மேசை முருகையின் மேல் ஏறி நிற்காதிருக்கலாம். பல ஆண்டு வளர்ந்த குடை ஒரு மனிதனின் பாரத்தை ஒரு நொடியும் தாங்காது. செட்டையை வீசும்போது பின்னால் என்ன இருக்கிறதென்று பார்க்கலாம். சங்கோ சிப்பியோ எதையும் எடுத்து வராதிருக்கலாம். சரணாலயம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. அனுமதிச் சீட்டுப் பெற்றே செல்ல வேண்டும். எனினும் முந்நூறு சதுர கிலோமீற்றர் கடலைக் காவல் செய்வதற்கு எத்தனை வள்ளம் இருந்தாலும் போதாது. மீன்பிடித்தே வாழும் மக்கள் அக்கரையெங்கும் இருக்கின்றனர். பாரின் மேல் அடிவலை விரிப்பதும் நடக்கிறது. அவர்களைக் குற்றவாளிகளாக்கிப் பேசும் பேச்சு எனக்கு உவப்பன்று. பாரைப் பற்றி அவர்களை விட நன்றாக அறிந்தவர் இல்லை. சென்ற பருவத்திலே கிழிந்த வலையொன்று முருகைமேல் சிக்கிக் கிடப்பதை என் மகள் கண்டு சொன்னபோது, அது எவ்வகை வலை, எந்தக் காற்றிலே அறுந்து வந்திருக்கும் என்று வள்ளத்திலிருந்தபடியே நானா கூறினார். அதனை வெட்டி எடுத்தவர்களும் அவருடைய ஊர் இளைஞர்களே.

அவ்விளைஞருட் சிலர் காற்றுக்கலத்தோடு கடலட்டை எடுக்கச் செல்கின்றனர். முறையாகப் பயிலாமல் ஆழத்திலே நெடுநேரம் இருந்து விரைந்து மேலே வந்ததனால் கால் செயலிழந்து போனவர்கள் நம் கரையோர ஊர்களில் உண்டு. நானா தம் பேரனை அத்தொழிலுக்கு விடவில்லை. அவனுக்கு மூச்சடக்கி இறங்கவே கற்பிக்கிறார். எங்களைப் போன்றோரைப் பாருக்கு அழைத்துச் சென்று காட்டும் தொழிலில் அவன் நிலைப்பான் என்பது அவர் நம்பிக்கை. அந்நம்பிக்கை பலிப்பது பார் நிலைப்பதைப் பொறுத்தது.

செல்ல விரும்புவோருக்குச் சில செய்திகள். கார்த்திகை முதற் பங்குனி வரை, அதாவது நவம்பர் முதல் ஏப்பிரல் நடுப்பகுதி வரை, கடல் அமைதியாக இருக்கும். முற்பகலிலேயே சென்று திரும்பிவிட வேண்டும். உச்சி சாய்ந்தாற் காற்று எழும். முதுகைச் சுடும் வெயிலுக்கு நீண்ட கைச்சட்டை நன்று. இதய நோயோ காக்கை வலியோ உடையவர் மருத்துவரைக் கேளாமல் இறங்கலாகாது. பயிற்சி பெற்ற ஒருவரிடம் முதலிலே குளத்திற் கற்றுக்கொண்டு, அதன் பின்னரே கடலுக்குச் செல்லுங்கள்.

சித்திரை கழிந்து சோளகம் கிளம்பியதும் கடல் கலங்கிவிடும். அந்த மாதங்களிலே நாங்கள் வீட்டு விறாந்தையிற் பாய் விரித்துப் படுத்து மூச்சடக்கிப் பழகுகிறோம். அப்போதும் என் மனைவி பக்கத்திலே இருந்து எண்ணுவாள். தரையில் மட்டுமே பழகுகிறோம். குளிக்கும் தொட்டியிலோ கிணற்றடியிலோ தனியே பழகுவதற்குப் பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை.